தாரணி படிக்காத கடிதங்கள்

தாரணி எந்தக் கடிதத்தையும் படிக்க மாட்டாள். வந்த கடிதம் மெய்யா பொய்யா என்று சொல்வதுதான் அவளுக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் வேலை. பள்ளிபாளையம் தபால் நிலையத்தில் மூன்றாவது ஜன்னல் அவளுடையது. மேலே ‘மெய் கவுண்டர்’ என்று பச்சை எழுத்தில் பலகை தொங்கும். போனை நீட்டினால் வாங்குவாள், திரையைக் கவிழ்த்து மேஜையில் வைப்பாள், பொரிகடலை டப்பாவைத் தள்ளிவிட்டு, “சொல்லுங்க” என்பாள்.

எதிர்ச்சாரியில் முப்பது வருடமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். படிக்காமலே தீர்ப்பு சொல்ல ஒரு சம்பளமா? ஒரு காலத்தில் பொய் மெயிலை மோப்பம் பிடிப்பதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அசட்டு இங்கிலீஷ், கோணலான முத்திரை, அவசரப்படுத்தும் தொனி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். பிறகு இயந்திரங்கள் எழுத ஆரம்பித்தன. அப்புறம் பேச ஆரம்பித்தன. பேங்க் மேனேஜரின் குரலில், பெற்ற மகனின் குரலில், அவனுடைய இருமல் உட்பட. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரம் செய்தார்கள். இதைப் பார்த்து அது தேறியது, அதைப் பார்த்து இது தேறியது. கடைசியில் இரண்டுமே கைவிரித்தபோதுதான் ஊர் ஊருக்கு ஒரு மனுஷியை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

அந்த மனுஷி பெரிய ஆள் என்று நான் ஒத்துக்கொண்டது பூபதியின் விவகாரத்தில்தான்.

பூபதி தறிக்காரர். நாற்பது வருடம் விசைத்தறிச் சத்தத்தில் நின்று காது போனவர். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. ஐம்பதைத் தாண்டிய தறிக்காரரிடம் பேசுவதென்றால் கத்தித்தான் பேசவேண்டும். அதனால்தான் செவிமணி என்றொரு கம்பெனி முகாம் போட்டு மலிவு விலையில் காதுமிஷின் கொடுத்தபோது ஊரே திரண்டு போய் வாங்கியது. ஆறு வருடம் கழித்துத்தான் குட்டு உடைந்தது. மிஷின் காதுக்கு மட்டும் சொல்லவில்லை. கேட்டதையெல்லாம் சேர்த்து வைத்து, கம்பெனிக்கும் அனுப்பியிருந்தது. கம்பெனி அதை விற்றிருந்தது. இயந்திரங்கள் நம் மாமன் மச்சான் குரலில் பேசக் கற்றுக்கொண்டதே இப்படித் திருட்டுப் போன பேச்சுகளைக் கேட்டுத்தான். நாடு முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் கூட்டு வழக்கு நடந்து, சென்னையில் ஒரு தனி நீதிமன்றம் கம்பெனியை மண்டியிட வைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூபதி போனைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“மோகண்ணா, அந்தக் காதுமிஷின் கேஸுல எனக்கு மெயில் வந்திருக்குதுங்க. நெசமான்னு பாருங்க.”

பார்த்தேன். என்ன ஒரு அழகான கடிதம்! ‘மதிப்பிற்குரிய பூபதி அவர்களுக்கு’ என்று தொடங்கி, வழக்கு எண், தீர்ப்பு நாள், அவருடைய மிஷினின் வரிசை எண் எல்லாம் பிசகில்லாமல் இருந்தது. மகள் தன்ஷிகாவின் பெயர்கூட இருந்தது. இழப்பீடாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம், அல்லது மிஷின் சேர்த்து வைத்திருந்த தன் வீட்டுப் பேச்சுப் பதிவுகளைத் திரும்பக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் பதிவுகள் நிரந்தரமாக அழிக்கப்படும். மிஷினை போனோடு இணைத்து, ‘சம்மதம்’ என்று சொன்னால் போதும். முன்பணம் கேட்கவில்லை, பேங்க் விவரம் கேட்கவில்லை.

“நூத்துக்கு நூறு நெசம். பணம்னு போட்டு அமுக்குங்க பூபதி.”

“பணம் வேண்டாமுங்க. எனக்குப் பதிவுதான் வேணும்.”

“அதை வெச்சு என்ன பண்ணுவீங்க?”

அவர் காதிலிருந்த மிஷினின் சின்னச் சக்கரத்தை விரலால் நெருடினார்.

“எட்டு வருஷத்துக்கு முன்னால தன்ஷி ஊரை விட்டுப் போனாளுங்கள்ல. போற அன்னிக்கு எங்கிட்ட வந்து நின்னு என்னமோ சொன்னா. எனக்குக் கோவம். அவ பேச ஆரம்பிச்சதும் இந்தச் சக்கரத்தைத் திருகி சத்தத்தை நிறுத்திப்போட்டேன். அவ வாய் அசையுது, நான் சுவத்தைப் பார்த்துட்டு நின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. என்ன சொன்னான்னு இன்னி வரைக்கும் தெரியாதுங்க. சத்தத்தை நிறுத்தினாலும் மிஷினு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சுன்னு கோர்ட்டுல சொன்னாங்களாமா. அப்படின்னா அது இருக்குமில்லீங்களா?”

“இருக்கும். அமுக்குங்க” என்றேன்.

“ஒரு எட்டு தாரணி மேடத்துகிட்டயும் கேட்டுக்கிறனுங்களே” என்றார் அவர். முப்பது வருட அனுபவசாலியை வைத்துக்கொண்டு! முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன்.

தாரணி வழக்கம்போல போனைக் கவிழ்த்து வைத்தாள். பூபதி தன் கதையைச் சொன்னார்.

“பொய்யா இருந்து நீங்க சம்மதம் சொன்னா என்ன ஆகும் தெரியுங்களா?” என்றாள் பிறகு. “மிஷினோட சாவி அவன் கைக்குப் போயிரும். உங்க பொண்ணு உங்ககிட்டப் பேசினது மொத்தமும் மறுபடியும் திருடன்கிட்ட. நெசமா இருந்து நீங்க விட்டுட்டா, மொத்தமும் அழிஞ்சிரும்.”

“அதேதானுங்க பயம்.”

“மிஷின் எங்க வாங்கினீங்க?”

“நெசவாளர் மண்டபத்து முகாமுலீங்க.”

“ஃபாரம் யார் எழுதினது?”

“நான்தான் எழுதினேன்” என்றேன் பெருமையாக. “அன்னிக்கு ஊருக்கே நான்தான் எழுதினேன். இருநூத்திப் பதினாலு ஃபாரம்.”

“அதுல மெயில் முகவரின்னு ஒரு கட்டம் இருந்திருக்குமே. என்ன எழுதினீங்க?”

தறிக்காரர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. மீதிப் பேருக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். ஸ்காலர்ஷிப்பா, கரண்ட் கனெக்ஷனா, ரேஷன் கார்டா, எதற்கு மனு போட்டாலும் பிரவுசிங் சென்டர்க்காரன் தன் மெயிலையே எழுதிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பதில் வந்தால் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் இல்லையா?

“என் மெயில்தான் அம்மிணி.”

“எல்லாத்துக்குமா?”

“இருநூத்திப் பதினாலுக்கும்.”

தாரணி ஒரு பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டாள். “கோர்ட்டுக்கு யார் யார் மிஷின் வாங்கினாங்கன்னு எப்படித் தெரியும்? கம்பெனி குடுத்த பட்டியலை வெச்சுத்தான். கம்பெனிகிட்ட இருக்கறது இவங்க மெயில் இல்லீங்க, உங்க மெயில். பின்ன இந்தக் கடிதம் பூபதியண்ணன் போனுக்கு எப்படி வந்துச்சு?”

பூபதி என்னைப் பார்த்தார். நான் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தேன்.

“கடிதம் என்ன சொல்லுதுங்கறது எனக்கு வேண்டாம். நல்லாத்தான் சொல்லும், பொய் சொல்றவன் நல்லாத்தானே சொல்லுவான்? அது எந்த வழியா வந்துச்சு, அந்த வழி அவங்களுக்கு எப்படித் தெரியும், அதை மட்டுந்தான் நான் கேப்பேன்.” பிறகு மெதுவாகக் கேட்டாள்: “நெசமான கடிதம்னு ஒண்ணு வந்திருந்தா எங்க வந்திருக்கோணும் மோகண்ணா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வந்திருந்தது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்தால் இன்பாக்ஸில் ஒரே மாதிரி இருநூற்றுச் சொச்சம் மெயில். ‘அன்பான உரிமைகோரல் செய்பவர்’ என்று தொடங்கும் கண்றாவித் தமிழ், பாதியில் வெட்டுப்பட்ட பெயர்கள், ஒரு படமில்லை, முத்திரையில்லை. ஃபிராடு கும்பல் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து, மொத்தமாக அள்ளிக் குப்பையில் போட்டேன். போட்டதோடு நிற்காமல் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

“எத்தனை நாளாச்சு?” என்றாள் தாரணி.

“இருபத்தாறு.”

“உங்க குப்பைத்தொட்டி எத்தனை நாள் தாங்கும்?”

“முப்பது.”

ஜன்னலை மூடிவிட்டுத் தெருவைக் கடந்து ஓடி வந்தாள். தாரணி ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். குப்பைத்தொட்டியைத் திறந்தேன். இருநூற்றுப் பதினான்கும் அப்படியே இருந்தன. பூபதியுடையது நூற்றுப் பத்தொன்பதாவது. எனக்கு உயிர் வந்தது.

“அப்ப இதுதான் நெசம்!” என்றேன். “இத்தனை அசிங்கமா எந்தத் திருடனும் எழுத மாட்டான்.”

“காலையில அழகா இருக்குதுன்னு நம்பினீங்க. இப்ப அசிங்கமா இருக்குதுன்னு நம்பறீங்க” என்றாள். “வந்த வழி சரியா இருக்குது, அவ்வளவுதான். இன்னும் ஒண்ணு பாக்கி. இதுல இருக்கிற நம்பரு, லிங்க்கு எதையும் தொடாதீங்க. நான் என் வழியில போய்க் கேட்டுட்டு வர்றேன்.”

மறுநாள் லீவு போட்டுவிட்டு நாமக்கல் பஸ் ஏறினாள். கோர்ட்டு வளாகத்தில் அறிவிப்புப் பதிவேடு என்று தடியான புத்தகம் ஒன்று இருக்கிறதாம்; எந்தக் கணினியோடும் சேராதது. அதிலிருந்து அந்த வழக்கின் இழப்பீட்டு நிர்வாகியின் நம்பரைத் தன் கையால் தாளில் எழுதிக்கொண்டு வந்து, தபால் நிலையத்துப் பழைய லேண்ட்லைனிலிருந்து கூப்பிட்டாள். நானும் பூபதியும் பக்கத்தில் நின்றோம். எதிர்முனை ஆசாமி பேசப்பேச அவள் முகம் மாறியது. கடைசியில் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“மெயில் அவங்க அனுப்பினதுதான். ஆனா ஒரே முகவரியில இருநூத்திப் பதினாலு ஆளுன்னு அவங்க கம்ப்யூட்டர் நம்மளைத்தான் பொய்யின்னு ஒதுக்கி வெச்சிருக்குது. மோகண்ணா, நீங்கதான் ஃபிராடு கும்பலாமா!”

அசடு வழிவது என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது. கெடு முடிய மூன்று நாள்தான் மிச்சம். அதற்குள் இருநூற்றுப் பதினான்கு பேரும் உயிரோடு இருக்கும் வெவ்வேறு ஆட்கள்தான் என்று மெய் கவுண்டர் முத்திரை போட்டு அனுப்பவேண்டும், பழைய மிஷினையும் ஒப்படைக்கவேண்டும். இல்லையென்றால் எல்லாமே அழிப்பு.

அடுத்த இரண்டு நாள் தாரணி செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் மார்தட்டிச் சொல்வேன். கார்டு, கைரேகை இவற்றை மட்டும் அவள் நம்பவில்லை. “உங்களைத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க” என்றாள். ஒருவர் இன்னொருவரைக் காட்டவேண்டும், காட்டியவரை வேறொருவர் காட்டவேண்டும். தபால் நிலையத்தில் ஆரம்பித்த வரிசை ஆற்றுப்பாலம் வரை போனது. மிஷினைக் கழற்றிக் கொடுத்துவிட்டதால் அத்தனை பேருக்கும் காது கேட்காது. அவள் ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று, காதருகில் குனிந்து, பணமா பதிவா என்று கத்தினாள். அவசரப்பட்டவர்கள் திட்டியதும் அவள் காதில் விழுந்தது. ஒரு ஆளைக்கூட அவள் சடங்குக்காக முத்திரை குத்தி அனுப்பவில்லை. இரண்டாம் நாள் மாலை அவள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. இருநூற்று ஒன்பது முத்திரைகள். ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. வெட்கத்தை விட்டுக் கும்பிட்டேன். “டீ சொல்லுங்க” என்று சைகை காட்டினாள்.

மூன்று வாரம் கழித்துப் பூபதியின் பதிவு பதிவுத்தபாலில் ஒரு நகக்கண் அளவு சிப்பாக வந்தது. ஒப்படைத்ததற்குப் பதிலாகப் புதிய மிஷின் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதனால் அவர் என் கடைக்கு வந்து, சிப்பையும் ஒரு வெள்ளைத்தாளையும் மேஜையில் வைத்தார்.

“எனக்குக் கேக்காதுங்க. நீங்க கேட்டு எழுதிக் குடுங்க.”

நாளும் நேரமும் அவருக்கு மனப்பாடம். தேடி எடுத்தேன். முதலில் அவர் சட்டை உரசும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், அழுது அடங்கிய குரல். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

‘அப்பா, நீ இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போகல. சொல்லுப்பா.’

அதற்குப் பிறகு வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் அவள் நின்றிருக்கிறாள். அப்புறம், ‘சரிப்பா.’ கதவு.

தாளை நீட்டினேன். படித்தார். திரும்பத் திரும்பப் படித்தார். பெரிய ஆகிருதி அவருக்கு; அத்தனையும் குலுங்கியது. நானும் அழுதேன், மறைப்பானேன்?

“கூப்பிடுங்க” என்றார். “எட்டு வருஷமா நம்பரு இருக்குது. ஒருக்காகூடக் கூப்பிட்டதில்ல.”

ஸ்பீக்கரில் போட்டுக்கொடுத்தேன். மணி அடித்து எடுக்கப்பட்டதும் கை காட்டினேன். பூபதி போனை வாயருகே பிடித்துக்கொண்டு, “தன்ஷி, அப்பா பேசறேன். நீ வந்துரு கண்ணு. வீட்டுக்கு வந்துரு” என்றார். மறுமுனை பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எழுதமாட்டேன் என்று தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்து என் கையில் திணித்தார். அந்தத் தாளிலேயே, மகள் முன்பு சொன்னதற்குக் கீழே, அவள் இப்போது சொன்னதை எழுதினேன்.

‘மாசத்துக்கு ரெண்டு தடவை இதே குரல்ல வாடா கண்ணுன்னு கூப்பிடறீங்க. எங்கப்பா ஒரு நாளும் என்னை வான்னு சொல்ல மாட்டாரு. குரலைத் திருடினவங்களுக்கு அது தெரியல பாரு. வைங்க போனை.’

நேராகத் தாரணியிடம் போனோம். தாளை நீட்டியதும் வழக்கம்போல் அதைக் கவிழ்த்தாள். ஆனால் கவிழ்ப்பதற்குள் கண்ணில் பட்டிருக்கவேண்டும். பொரிகடலை டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

“அன்னிக்கு அவ கேட்டதை எழுதி அனுப்பட்டுங்களா?” என்றார் பூபதி. “அது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தானே தெரியும்?”

தாரணி எழுந்து, ஜன்னல் வழியாகக் குனிந்து, அவர் காதில் சொன்னாள். “திருடனும் அதைக் கேட்டிருக்கானுங்கண்ணா. எதை எழுதினாலும் அவனும் எழுதுவான். கடிதம் தன்னைத்தானே நெசம்னு காட்ட முடியாது. அவ முகவரி உங்ககிட்ட இருக்குதா? எப்படி வந்துச்சு?”

“தீபாவளிக்குத் தீபாவளி ஒரு வேட்டி அனுப்புவா. பார்சல் மேல ஓசூர் அட்ரஸ் இருக்கும்.”

“அது உங்க வழி. அதுல போங்க. ஆளு போகோணும்.”

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். ஓசூரில் ஒரு பேட்டரி தொழிற்சாலைக்குப் பின்னால் பெண்கள் விடுதி; முன்னால் நாலுவழிச் சாலை. லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. வாசல்காரர் உள்ளே சொல்லி அனுப்பினார். நான் எதிர்ப்புறம் டீக்கடையில் ஒதுங்கி நின்றேன்.

தன்ஷிகா வந்தாள். கேட்டுக்கு உள்பக்கமே நின்றாள், பத்தடி தள்ளி. படமும் உருவமும்கூடப் பொய்யாக வரும் காலம்; வேஷம் போட்ட ஆளும் வரலாம். அவள் கண்ணில் சந்தேகம்தான் இருந்தது. அங்கிருந்தே என்னவோ கேட்டாள். லாரிச் சத்தத்தில் எனக்கும் கேட்கவில்லை.

பூபதி கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, தறிக்கூடத்தில் கத்துவதுபோல் கத்தினார். “கேக்கல கண்ணு! இன்னொருக்கா சொல்லு!”

அவள் அப்படியே நின்றாள். மாதம் இரண்டு முறை கூப்பிட்ட குரல் ஒருமுறைகூட இதைச் சொல்லியிருக்காது. எதுவுமே அதற்குக் கேட்காமல் போயிருக்காது. அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் பதிலுக்குச் சொன்னது மட்டும் சாலை கடந்து கேட்டது, அத்தனை சத்தமாகச் சொன்னார்.

“இரு கண்ணு!”

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தாரணியிடம் உடனே சொல்லியாகவேண்டும். அங்கேயே நின்று போன் போட்டேன். எடுத்தாள்.

“அம்மிணி, நான் மோகன் பேசறேன். அப்பனும் புள்ளையும் சேர்ந்துட்டாங்க. ரெண்டு பேரும் ரோட்டோரம் நின்னு அழுதுட்டு இருக்காங்க. எல்லாம் உன்னால!”

மறுமுனையில் பொரிகடலை கடிபடும் சத்தம் கேட்டது.

“நேர்ல வந்து சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.